உப்பு எங்கே போகும்?

நாலு வருஷத்துக்கு முன்னால், பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, மாணவர் மலர் ஒன்றுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு 'கடலைக் குடிக்கும் பயிர்'. பாலைவனத்தில் உப்புநீர் பாய்ச்சி விவசாயம் செய்வது பற்றியது. நண்பர்கள் பாராட்டினார்கள். தேக்காவில் நடந்த ஒரு வாசகர் சந்திப்பில் அதைப் படிக்கச் சொன்னார்கள். நல்ல கைதட்டல்.

எங்கள் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பா வேலைக்கு இங்கே வந்து அப்படியே தங்கிவிட்டார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஈசூனில். பெரியப்பா மட்டும் ஊரிலேயே இருக்கிறார். அவருக்கு மூன்று ஏக்கர் நிலம். கட்டுரையைப் பெரியப்பா மகள் அவருக்கு முழுசாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். வாசித்து முடித்த கையோடு எனக்கு ஃபோன் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. கடத்தண்ணிய வயல்ல வுடுற. கொஞ்சத்தப் பயிர் குடிக்கிது, மிச்சத்த வெயில் குடிக்கிது. உப்பு எங்கப்பா போவும்?"

சில செடிகள் உப்பைத் தங்கள் உடம்பிலேயே சேர்த்துக்கொள்ளும் பெரியப்பா என்று ஏதோ சொன்னேன். "சரி சரி" என்றார். அவர் சரி சரி என்று இரண்டு தடவை சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்தக் கட்டுரையை யாரும் விமர்சிக்கவில்லை. இனி யாரும் செய்யப்போவதும் இல்லை. அதனால் நானே செய்கிறேன். ஒரு சின்ன மாணவர் கட்டுரைக்கு இத்தனை பக்கமா என்று தோன்றலாம். ஆனால் அதிலிருந்த கோளாறு என்னுடையது மட்டும் இல்லை. அறிவியலைப் பற்றி ஆசையோடு தமிழில் எழுதுகிற நம்மில் பலருக்கும் அது இருக்கிறது.

*

இப்போது எடுத்து வாசித்தால் முதலில் உறுத்துவது அதன் வடிவம். உலகத்து நீரில் 97 விழுக்காடு உப்புநீர் என்று தொடங்குகிறது. இந்த வகைக் கட்டுரைகள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். இரண்டாவது பத்தியில் பஞ்சம் வரும். மூன்றாவதில் ஒரு விஞ்ஞானி வருவார். நாலாவதில் மணல்வெளிக்கு நடுவே பச்சைப் பசேல் என்று ஒரு காட்சி. கடைசியில் "இனி பாலைவனம் என்று ஒன்று இருக்காது" என்கிற தொனியில் ஒரு வரி. இது ஒரு புராணக் கதையின் எலும்புக்கூடு. வரம் கேட்கிற முனிவருக்குப் பதில் ஆய்வாளர், அவ்வளவுதான்.

தகவல்களில் பொய் இல்லை. ஹியூகோ பொய்கோவும் அவர் மனைவி எலிசபெத்தும் இஸ்ரேலின் எய்லாத்தில் உப்புநீர் பாய்ச்சிச் செடிகள் வளர்த்தார்கள். 1967-ல் ஹியூகோ அதைப் பற்றி 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். 1970-களில் எமானுவல் எப்ஸ்டீன் கலிஃபோர்னியாக் கடற்கரை மணலில் கடல்நீர் பாய்ச்சி பார்லி விளைவித்தார். சாலிகார்னியா என்கிற சதைப்பற்றுள்ள செடியைக் கடல்நீரிலேயே வளர்த்து, அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்று 1991-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. எரித்ரியாவின் மசாவாத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கார்ல் ஹாட்ஜஸ் என்பவர் கடலிலிருந்து கால்வாய் வெட்டி, அந்த நீரை முதலில் இறால் குளங்களுக்கும், அதன் கழிவை சாலிகார்னியா வயலுக்கும், அதற்கப்புறம் அலையாத்திக் கன்றுகளுக்கும் கொண்டுபோனார். அழகான ஏற்பாடு.

மசாவாப் பண்ணை 1999-ல் தொடங்கியது என்று எழுதி ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். 2003-ல் அது நின்றுபோனதை எழுதவில்லை. எனக்கு அது தெரியும். எழுதினால் கட்டுரையின் ஓட்டம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். என் கட்டுரையின் முதல் குற்றம் இது. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதிலேயே ஒரு கதை உண்மையாகவோ பொய்யாகவோ ஆகிவிடுகிறது. சிறுகதை விமர்சனத்தில் இதை நாம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். கட்டுரைக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது குற்றம், பெரியப்பாவின் கேள்வி. பொறியியல் படித்தவன் நான்தான் போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு அது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு போகத்துக்கு 1000 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் அது 10,000 கன மீட்டர். அதில் கரைந்திருக்கும் உப்பு 350 டன். இரண்டரை ஏக்கரில் ஒரே போகத்தில் 350 டன்! சாலிகார்னியாவை வேரோடு அறுத்து எடுத்துப் போனால் அதோடு சில டன் உப்பு வெளியேறும். மீதி?

மீதி போக வேண்டிய இடத்துக்குப் போனால்தான் அடுத்த போகம். வேருக்குக் கீழே உப்பு தேங்காமல் இருக்க, பயிருக்கு வேண்டியதைவிட அதிகமாகவே நீர் பாய்ச்ச வேண்டும். அந்த அதிக நீர் உப்பைக் கழுவிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். இறங்கிய நீர் வடிந்து வேறு எங்காவது போக வேண்டும். பொய்கோ மணலையும் சரளையையும் தேர்ந்தெடுத்தது அதனால்தான். அதில் நீர் நிற்காது. களிமண்ணில் இதே காரியத்தைச் செய்தால் சில வருஷங்களில் நிலம் கெட்டியாகிவிடும். கடலோர மணலில் வடிகிற நீர் கடலுக்கே திரும்பலாம். உள்நாட்டுப் பாலைவனத்தில் அது நிலத்தடி நீரில் போய்ச் சேர்ந்து, அதையும் இன்னும் கொஞ்சம் உப்பாக்கும். 1999-லிருந்து துபாயில் இயங்குகிற பன்னாட்டு உவர் வேளாண் மையம் போன்ற இடங்களில் பயிரோடு சேர்த்து மண்ணையும் வடிகாலையும் ஆராய்வதற்குக் காரணம் இதுதான்.

என் கட்டுரையில் 'வடிகால்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. தேடிப் பார்த்தேன்.

*

இப்போது நான் வேலை பார்ப்பது நீர்ச் சுத்திகரிப்பில். சிங்கப்பூர் உப்பைக் கையாளும் விதம் நேர் எதிரானது. இங்கே உப்போடு வாழ்வது என்ற பேச்சே கிடையாது, பிரித்து வெளியே தள்ளிவிடுவோம். 2005-ல் துவாஸில் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இன்று தீவில் ஐந்து ஆலைகள். கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளுகிறோம். ஒரு கன மீட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் ஆகும். பிரித்த உப்பு அடர்ந்த உவர்நீராகக் கடலுக்கே திரும்பும். ஆக, இங்கும் அதே கேள்விதான். பதிலுக்கு நாம் பணம் கட்டுகிறோம், அவ்வளவு வித்தியாசம்.

அப்படியானால் இந்த நல்ல தண்ணீரிலேயே நெல் போடலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். கணக்கு சொல்கிறேன். அதே 10,000 கன மீட்டருக்கு 35,000 யூனிட் ஆகும். நாலறை வீவக வீடு ஒன்று ஏழெட்டு வருஷம் செலவழிக்கிற மின்சாரம். கிடைப்பது ஒரு ஹெக்டேர் நெல்லின் ஒரு போகம். குடிக்கிற தண்ணீருக்கு இந்த விலை கட்டுப்படியாகும், சோற்றுக்கு ஆகாது. வறண்ட ஊர்களில் உப்பைத் தாங்கும் பயிரைத் தேடுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

ஆனால் இதே ஊரில் மின்சாரம் இல்லாமல் உப்பு கழுவப்பட்ட ஒரு இடமும் உண்டு. 2008-ல் மரினா அணைக்கட்டைக் கட்டிக் கடலை வெளியே நிறுத்தினார்கள். உள்ளே இருந்தது கடல்நீர்தான். மழை பெய்தது. ஆறுகள் வழியே மழைநீர் உள்ளே வரவர, மதகு வழியே பழைய நீர் வெளியேறியது. 2010 முடிவதற்குள் அது நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. உப்பை உள்ளே விடாத ஒரு தடுப்பு, கழுவ ஒரு மழை, வெளியேற ஒரு வழி, காத்திருக்க இரண்டு வருஷம். அங்கே பட்டம் விடுகிற புல்தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பெரியப்பாவின் கேள்வி முழுசாகப் புரிந்தது. இதே ஏற்பாட்டை நம் கடலோர விவசாயிகள் சின்ன அளவில் ஒவ்வொரு வருஷமும் செய்துவந்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன், அது ஏன் என் கண்ணில் படவில்லை என்று கேட்க வேண்டும்.

*

என் பதில்: தமிழ் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் அதற்குக் காரணம்.

கல்லாதவர்களைக் களர்நிலத்துக்கு ஒப்பிடும் குறளைப் (406) பள்ளியில் மனப்பாடம் செய்தோம். இருக்கிறது என்பதைத் தவிர வேறு பயனில்லாத மண். இங்கே சிங்கப்பூரில் களர் எப்படி இருக்கும் என்று எங்கள் வகுப்பில் ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் 'களர்' என்றால் 'உதவாதது' என்று மனசில் பதிந்துவிட்டது. நிலத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே உவமை வந்து சேர்ந்துவிட்டது. வேளாண் துறையில் களரும் உவரும் வேறுவேறு. சோடியம் மண்துகள்களைப் பிடித்துக்கொண்டு மண்ணைக் கெட்டியாக்கினால் களர், அதற்கு ஜிப்சம் போடுவார்கள். கரையும் உப்பு மிகுந்திருந்தால் உவர், அதை நல்ல நீரால் கழுவி வடிப்பார்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு. 'பயனற்ற நிலம்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் மருந்தைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள்.

குறளைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உவமைக்கு வேலை வேறு. ஆனால் அதே பழைய இலக்கியத்துக்குள் இன்னொரு பார்வையும் இருக்கிறது, அதை நாம் குறைவாகவே வாசிக்கிறோம். புறநானூற்றின் 193-ஆம் பாட்டை எழுதியவர் ஓரேருழவர். உரித்து விரித்த தோல் மாதிரி நீண்டு வெளுத்துக் கிடக்கும் களரில் வேடன் துரத்தும் மான் அங்கே. ஓடித் தப்பிக்கலாம், ஆனால் குடும்பம் காலைக் கட்டுகிறது என்று போகிறது பாட்டு. அந்த வெண்மையைக் கவனியுங்கள். நிலத்தடி நீர் மேலே கிட்டத்தில் இருக்கும்போது, மண்ணின் நுண்துளைகள் வழியே அது ஏறி வந்து, வெயிலில் ஆவியாகி, உப்பை மேலே விட்டுவிட்டுப் போகும். அப்போது நிலம் வெளுக்கும். களரை நேரில் பார்த்த ஒரு கண் அந்த உவமையில் இருக்கிறது.

இந்தப் புலவருக்குப் பெயர் கிடைத்தது குறுந்தொகையில் அவர் வைத்த வேறொரு உவமையால். ஒற்றை ஏர் மட்டுமே வைத்திருக்கும் உழவன், மண்ணின் ஈரம் போவதற்குள் உழுதுவிட வேண்டுமே என்று பதறுவது போன்ற அவசரம் அது. ஒரே பெயரில் இந்த இரண்டு பாட்டும் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்றில் வெளுத்த நிலம், மற்றதில் சில நாள் மட்டும் நிற்கும் ஈரம். உப்பு மண்ணில் பயிர் செய்வது என்பது இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பதுதான்.

சங்கப் பாடல்கள் பொதுவாக உப்பையும் நெல்லையும் இரண்டு ஊர்களில் வைக்கின்றன. அகநானூற்றின் 140-ஆம் பாட்டில் உமணர் மகள் தெருவில் கூவி உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றிக்கொள்கிறாள். உப்பு நெய்தலின் பொருள், நெல் மருதத்தின் பொருள். இரண்டும் சந்தையில் சந்திக்கலாம், வயலில் சந்திக்கக் கூடாது. ஆனாலும் மொழி இந்த எல்லையை மதிக்கவில்லை. நற்றிணையில் ஒரு பாட்டு உப்பு எடுப்பவர்களை, உழாமலே விளைவிக்கிறவர்கள் என்ற பொருளில் உழவர் என்றே அழைக்கிறது. இன்றைக்கும் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு 'விளைகிறது' என்றுதான் சொல்வார்கள். உப்பளத்துக்கும் பாத்தி உண்டு. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே தங்கிப் பார்த்து ராஜம் கிருஷ்ணன் 1979-ல் எழுதிய நாவலுக்கு 'கரிப்பு மணிகள்' என்று பெயர். மணி என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது நெல்மணி. அந்தத் தலைப்பை நான் இப்படி வாசிக்கிறேன்: உப்பும் ஒரு மகசூல், அதன் பின்னாலும் குனிந்து வேலை செய்த ஒரு முதுகு இருக்கிறது. உப்பு வெறும் இயற்கைப் பொருள் என்று நினைப்பவர்களுக்கு அந்த நாவல் நல்ல பதில். என் கட்டுரையில் பாலைவனம் இருந்தது, விஞ்ஞானி இருந்தார், பயிர் இருந்தது. முதுகு ஒன்றுகூட இல்லை.

*

கடலோர விவசாயிகள் செய்துவந்ததாகச் சொன்னேனே, அது இதுதான்.

கேரளத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் காயலோரத்தில் பொக்காளி நெல் போடுகிறார்கள். வருஷத்தில் பாதி நாள் அந்த வயலில் கடல்நீர் ஏறி இறங்கும். மழைக்காலம் தொடங்கும் முன்பு மண்ணைக் குவித்துச் சின்னச் சின்னக் குன்றுகளாக வைப்பார்கள். மதகை அடைத்துவிடுவார்கள். பருவமழை குன்றுகளில் இருக்கும் உப்பைக் கழுவி இறக்கும். அதன் மேல் விதைப்பு, வளர்ந்ததும் பிரித்து நடவு. ஐப்பசி வாக்கில் கதிரை மட்டும் அறுத்துவிட்டு மதகைத் திறந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சு உள்ளே வரும். மிச்சம் நின்ற தாள் இறாலுக்கு இரையாகும், இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும்.

உலகம் முழுக்க உப்பு தாங்கும் நெல் ரகங்களை உருவாக்கியதில் பொக்காளியின் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அது உண்மைதான். ஆனால் பொக்காளியும் கடல்நீரைக் குடித்து வளர்வதில்லை. மண்ணின் உப்பை அளக்கும் அலகில் 3-ஐத் தாண்டினாலே சாதாரண நெல்லின் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். அதே அலகில் கடல்நீர் கிட்டத்தட்ட 50. எந்த நெல்லும் அந்தத் தூரத்தைத் தாண்டியதில்லை. நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் நெல் ரொம்பவே மென்மையானது. அந்த இரண்டு சமயத்திலும் மழை துணைக்கு இருக்கும்படி நாளைக் கணக்குப் போட்டதுதான் பொக்காளிக்காரர்களின் அறிவு. மரபணுவைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போகலாம். மதகையும் பஞ்சாங்கத்தையும் எடுத்துப் போக முடியாது.

எங்கள் பக்கத்தில் குழியடிச்சான், களர்ப்பாலை என்று ரகங்கள் உண்டு. களர்ப்பாலை என்ற பெயரிலேயே எந்த மண்ணுக்கு என்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி நாகப்பட்டினம் கடற்கரை வயல்களுக்குள் புகுந்தபோது, பல வருஷத்துக்கு அங்கே எதுவும் விளையாது என்று சொன்னவர்கள் உண்டு. நம்மாழ்வார் போன்றவர்கள் அங்கே போய் விவசாயிகளோடு வேலை செய்தார்கள். தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுது, மழைநீரைக் கட்டி வடித்து, இந்த மாதிரிப் பழைய ரகங்களைப் போட்டுப் பார்த்தார்கள். நிலம் திரும்பி வந்தது. அதே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது பெரியப்பா வயலில் கடல்சேறு முழங்கால் உயரம். அவர் செய்ததும் இதேதான். "ரெண்டு ஐப்பசி போவணும் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

போன மாசம் சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் 'மரபு அரிசி' என்று தனி அடுக்கே வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, பூங்கார். ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்து வாசித்தேன். சர்க்கரைக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, ஆண்மைக்கு நல்லது. எந்த மண்ணில் விளைந்தது, எவ்வளவு தண்ணீர் கேட்கும், வெள்ளத்தைத் தாங்குமா உப்பைத் தாங்குமா என்று ஒரு வரி இல்லை. நெல்லை மருந்தாக மட்டும் வாசிக்கிற இந்தப் பொட்டலமும், நெல்லை மரபணுவாக மட்டும் வாசித்த என் கட்டுரையும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. இரண்டுமே விதையை நிலத்திலிருந்து பிடுங்கிவிடுகின்றன.

*

இன்னொரு சம்பவம். அலுவலக விருந்து ஒன்றில் மீனோடு பச்சையாகக் குச்சி குச்சியாக ஒன்று வைத்திருந்தார்கள். உணவுப் பட்டியலில் அதற்குக் 'கடல் தண்ணீர்விட்டான்' என்கிற மாதிரி ஓர் ஆங்கிலப் பெயர். கடித்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் உமரி என்று சொல்கிற உப்பங்கரைச் செடிகளின் இனம். என் கட்டுரையில் சாலிகார்னியா என்று வாய் நிறையச் சொன்னதும் இதன் சொந்தம்தான். பெரியம்மா உமரிக்கீரையை அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் பருப்பில் போடுவாள். கையில் காசில்லாத நாளில் செய்கிற குழம்பு என்பதால் விருந்தாளி வந்தால் செய்ய மாட்டாள். பேர் மாறினால் விலை மாறுகிறது என்பதைப் புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அந்தச் செடி அறிமுகமானது பெரியம்மாவின் அடுப்படியில். ஆனால் கட்டுரை எழுதும்போது மெக்சிகோவிலும் எரித்ரியாவிலும் தேடினேன். வேதாரண்யத்திலேயே எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் உவர்நிலத் தாவரங்களுக்கென்று ஒரு மரபணுத் தோட்டம் வைத்திருப்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

பெயர் வைப்பதில் கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. என் கட்டுரையின் முடிவில் "உலகெங்கும் வீணாகக் கிடக்கும் உவர்நிலங்கள்" என்று எழுதியிருந்தேன். வீணாக என்று யார் சொன்னது? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்கிறது சிலப்பதிகாரம். பாலை பிறவியிலேயே பாலை இல்லை. உவர்நிலமும் பல இடங்களில் அப்படித்தான்.

1990-களில் நாகைக் கடற்கரையில் வயல்களுக்கு நடுவே இறால் பண்ணைகள் முளைத்தன. கடல்நீரைக் குளத்தில் தேக்கியபோது பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உப்பாயின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது நீதிமன்றம். அந்தப் பட்டியலில் வயலும் உப்பளமும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். சங்கப் பாட்டு பிரித்து வைத்த இரண்டையும், இரண்டும் யாரோ உழைத்துப் பிழைக்கும் இடம் என்று ஒரு தீர்ப்பு சேர்த்து வைத்தது. இறால் வளர்ப்பை ஒழுங்குபடுத்த 2005-ல் தனிச்சட்டமும் வந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு 'கடலைக் குடிக்கும் பயிர்' கட்டுரையை வாசித்தால் அது கொஞ்சம் ஆபத்தானதாகவே தெரிகிறது. நிலம் எப்படி உப்பானது என்று கேட்காமல், உப்பான நிலத்துக்கு என்ன பயிர் என்று மட்டும் கேட்கிற கட்டுரை, உப்பாக்கியவருக்கு வசதியானது. உப்பு தாங்கும் விதை வேண்டும்தான். கடல் மட்டம் ஏறுகிற காலத்தில் ரொம்பவே வேண்டும். அந்த விதையைத் தேடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது. ஆனால் விதையைப் பற்றி எழுதுகிறவன் மதகைப் பற்றியும், மழையைப் பற்றியும், பக்கத்து நிலத்தில் யார் என்ன தேக்கிவைத்திருக்கிறார் என்பதைப் பற்றியும் எழுத வேண்டும். இல்லையென்றால் அது விளம்பரம்.

*

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். புறநானூறு வந்த இடத்தில் கொஞ்சம் தூங்கிவிட்டாராம். மரினா கணக்கைத் திரும்பப் படிக்கச் சொன்னாராம். பிறகு ஃபோனை வாங்கினார்.

"இப்ப சரியாத்தான் இருக்கு. எங்கூரு வடிவாய்க்கால் முகத்துவாரத்துல மணல் மூடிக் கெடக்குதே, நாலு வருஷமாச்சு. மழத்தண்ணி உப்பக் கழுவுது, ஆனா வெளிய போவ வழியில்ல, வயல்லயே நிக்கிது. அத எழுதுனியா?"

எழுதவில்லை என்றேன்.

"அத எழுது மொதல்ல" என்றார்.

எழுதிவிட்டேன்.